ரோமெலா கட்டிய துணி

ரோமெலாவிடம் யாராவது நல்ல செய்தி கொண்டுவந்தால், அவள் முதலில் அவர்கள் செருப்பைத்தான் பார்ப்பாள், எந்தப் பக்கத்து மண் ஒட்டியிருக்கிறது என்று. பெரிகி கிராமத்தில் அவளைப் போலச் சந்தேகக்காரி இன்னொருத்தி கிடையாது. மீன்காரன் எடை போட்டால் தராசுத் தட்டைத் திருப்பிப் பார்ப்பாள். இமாம் நலம் விசாரித்தால், ‘இவருக்கு ஏன் இன்றைக்கு என் ஞாபகம்?’ என்று வீடு வரைக்கும் யோசித்துக்கொண்டே போவாள்.

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். அவள் புருஷன் ரப்பர் தோட்டத்திலிருந்து திரும்பும் வழியில் சுடப்பட்டுச் செத்தான். ‘அவர்கள்’தான் சுட்டார்கள் என்றது பட்டாளம். பட்டாளம்தான் சுட்டது என்றார்கள் அவர்கள். எங்கள் பக்கத்தில் ‘அவர்கள்’ என்றால் போதும். சியாம் நாட்டிலிருந்து பிரிந்து பத்தானி தனி நாடாகவேண்டும் என்று மலைக்காட்டிலும் ஊருக்குள்ளும் துப்பாக்கியோடு இருப்பவர்களை யாரும் பெயர் சொல்லிப் பேசுவதில்லை. சாவு வீட்டுக்கு இரண்டு தரப்பிலிருந்தும் அரிசி வந்தது. பச்சைப் பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன செய்வாள், இரண்டையும் பொங்கித் தின்றாள். ஆனால் அதற்குப் பிறகு ஒரு மனுஷரையும் முழுசாக நம்பவில்லை.

அந்தப் பச்சைப் பிள்ளைதான் சுக்ரி. வளர்ந்து மீசை அரும்பியதும் அவன் போகிற வழியையெல்லாம் அவள் கண்காணிக்க ஆரம்பித்தாள். படிப்பை முடித்த பையன்களுக்கு எங்கள் ஊரில் ஒரே உத்தியோகம் தேநீர்க் கடை பெஞ்சுதான். காலையில் மாடப்புறாக் கூண்டைக் கம்பத்தில் ஏற்றிவிட்டு, எந்தப் புறா நன்றாகக் கூவுகிறது என்று நாளெல்லாம் வாதாட வேண்டியது. வாதம் சலித்தால் குரல் தாழும். குரல் தாழ்ந்தால் கூடவே பாக்கோரி இருப்பான். பாக்கோரி சுக்ரியைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவன், அமைதியானவன், எல்லாருக்கும் மரியாதையாக சலாம் சொல்கிறவன். அந்த மரியாதையே ரோமெலாவுக்குப் பிடிக்கவில்லை. அவன் யாருடைய ஆள் என்று ஊருக்கே தெரியும், யாரும் சொன்னதில்லை.

சுக்ரி பேச்சைக் குறைத்தான். கால்சட்டையில் சேற்றோடு வந்தான். எங்கே போனாய் என்றால், “சும்மாதான், மோக்” என்றான். மோக் என்றால் அம்மா. அந்தச் ‘சும்மா’வைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு உடம்பு பாதியாகிவிட்டது.

அப்போதுதான் அபே டோலோ ஊர் திரும்பினார். அபே என்றால் அண்ணன். கோலாலம்பூரில் சாப்பாட்டுக் கடை நடத்திச் சம்பாதித்த மனிதர். வந்தவர் பள்ளிவாசலுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, தொழுகைத் தொப்பி தைக்கும் பட்டறை ஆரம்பித்தார். அரபு நாட்டுக்குப் போகிற தொப்பி. பாதிக் காசு அவருடையது, மீதி அரசாங்கக் கடன் என்று பேச்சு. திறப்பு விழாவுக்கு ஒரு பட்டாள அதிகாரி வந்து சிரித்தபடி படம் எடுத்துக்கொண்டு போனார். அவ்வளவுதான், தேநீர்க் கடை முடிவு கட்டிவிட்டது.

“அது தொப்பி தைக்கிற இடமில்லப்பா, நம்ம காதை அறுத்துத் தைக்கிற இடம். உள்ள போறவன் எல்லாம் பட்டாளத்துக்கு உளவு சொல்றவன்தான்.”

ரோமெலாவும் அப்படித்தான் நினைத்தாள். நினைத்துக்கொண்டேதான் மகனை இழுத்துக்கொண்டு போய் அபே டோலோ முன்னால் நிறுத்தினாள்.

“இவனுக்கு ஒரு வேலை போட்டுக் குடுங்க. எனக்கும் ஒண்ணு குடுங்க.”

“உனக்கு எதுக்கு மெக்?” எங்கள் ஊரில் பெண்களை மெக் என்றுதான் கூப்பிடுவார்கள்.

“நீங்க அவனை என்ன பண்றீங்கன்னு நான் பார்க்கணுமே.”

அபே டோலோ விழுந்து விழுந்து சிரித்தார். பையனைத் தையல் மிஷினில் உட்கார வைத்தார். அவள் கையில் துணி வெட்டும் கத்திரிக்கோலைக் கொடுத்தார்.

மாதங்கள் போயின. சுக்ரி தேநீர்க் கடைக்குப் போவதை விட்டான், போக நேரமில்லை. தவணையில் பழைய மோட்டார் சைக்கிள் வாங்கினான். மிஷின் ஊசி உடைகிறது, நூல் சிக்குகிறது என்று சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து புலம்பினான். பக்கத்து மிஷினில் தைக்கிற ஐனி என்ற பெண்ணைப் பற்றிப் புலம்பவில்லை, அதனால் ரோமெலாவுக்கு அதுவும் புரிந்துபோயிற்று. காலையில் பட்டறையைத் திறக்கிற சாவியைக்கூட அபே டோலோ அவனிடம் கொடுத்து வைத்தார். பையன் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தான். ‘சிரிக்கிறான்னா என்னமோ இருக்கு’ என்று அவள் அதையும் சந்தேகப்பட்டாள். ஆனாலும் இரவில் தூங்கினாள், பல வருஷத்துக்குப் பிறகு.

ஹஜ் காலம் நெருங்கியபோது பெரிய ஆர்டர் ஒன்று வந்தது. ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் அபே டோலோ எல்லாரையும் கூட்டி, “நாளைக்கு வெள்ளிக்கிழமையும் வேலை. ஜும்மாத் தொழுகைக்கு மட்டும் விடுறேன். சரக்கு கப்பல் ஏறணும்” என்றார்.

பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். எங்கள் ஊரில் வெள்ளிக்கிழமை சந்தை கூடக் கூடாது, ரப்பர் கூட வெட்டமாட்டார்கள். அது மார்க்கம் மட்டுமில்லை, அவர்கள் போட்ட கட்டளையும்கூட. கோலாலம்பூரில் பாதி வாழ்க்கையைக் கழித்த அபே டோலோவுக்கு அது உறைக்கவில்லை.

மறுநாள் காலையில் எல்லாருக்கும் முன்னால் போய்ச் சேர்ந்தவள் ரோமெலாதான், எப்போதும் போல. பட்டறையின் இரும்புக் கதவில் வெள்ளைத் துணி முடிச்சு ஒன்று தொங்கியது. அவிழ்த்தாள். ஒரு பிடி அரிசி, இரண்டு முட்டை. பிணத்துக்குச் சுற்றுகிற கஃபன் துணியில் அரிசியும் முட்டையும் கட்டி வாசலில் வைத்தால் என்ன அர்த்தம் என்று எங்கள் ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். உன் சாவுக்கு நீயே சமைத்துக்கொள் என்று அர்த்தம்.

பெண்கள் வந்தார்கள், பார்த்தார்கள், கத்தினார்கள். ஐனி அழுதுகொண்டே ஓடினாள். அபே டோலோ வந்தார். அவர் முகம் அந்தத் துணியைவிட வெளுத்துவிட்டது. “போங்க, எல்லாரும் வீட்டுக்குப் போங்க” என்றார்.

அந்தக் கலவரத்தில் ரோமெலா மட்டும் துணியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தாள். ஓரத்தில் நீலச் சுண்ணக் கோடு. பிறை மாதிரி வளைந்த கோடு, தொப்பியின் மேல்வட்டத்துக்கு அவள் போடுகிற கோடு. முந்தின நாள் சாயங்காலம் அவளே கோடு போட்டு, வெட்டாமல் மேசை மேல் மடித்து வைத்துவிட்டுப் போன துணி. பட்டறைக்கு இரண்டு சாவி. ஒன்று அபே டோலோவிடம், இன்னொன்று சுக்ரியிடம்.

அவள் துணியைச் சுருட்டி இடுப்பில், கைலிக்குள் செருகிக்கொண்டாள். முட்டையைத் தலைமுக்காட்டின் நுனியில் முடிந்தாள்.

யார் போய்ச் சொன்னார்களோ, ஜும்மாவுக்கு முன்னாலேயே பட்டாள வண்டி வந்து நின்றது. அதிகாரி சியாம் மொழியில் கேட்டான். அவள் தனக்குத் தெரிந்த உடைந்த சியாம் மொழியில் பதில் சொன்னாள்.

“துணி எங்கம்மா?”

“எந்தத் துணி?”

“வெள்ளைத் துணி. கதவுல கட்டியிருந்துச்சாமே.”

“தொப்பிப் பட்டறையில வெள்ளைத் துணி இல்லாம கறுப்புத் துணியா இருக்கும்? உள்ள போய்ப் பாருங்க, மலை மாதிரி கிடக்கு. எது வேணுமோ எடுத்துக்குங்க.”

அதிகாரி அவளை நெடுநேரம் பார்த்தான். அவளும் அவன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசியில் வண்டி போயிற்று.

வீட்டில் சுக்ரி ஜும்மாவுக்குப் போகக் கைகால் கழுவிக்கொண்டிருந்தான். அவள் துணியை அவன் முன்னால் விட்டெறிந்தாள்.

“முட்டை நம்ம கோழி போட்டதுதானே?”

அவன் கையிலிருந்த செம்பைக் கீழே வைத்தான்.

“ரெண்டு முட்டையைக் காணோம்னு பக்கத்து வீட்டுக்காரிகிட்ட விடியக்காலையில சண்டை போட்டுட்டு வந்திருக்கேன்டா, களவாணிப் பயலே! நீ அவங்களோட சேர்ந்துட்டியா? சொல்லு. சேர்ந்துட்டேன்னா இப்பவே சொல்லிடு, உங்க அப்பனுக்குப் பக்கத்துல எனக்கும் ஒரு குழி வெட்டிக்கிறேன்.”

“சேரல, மோக். சத்தியமா சேரல.”

“பின்ன எதுக்குடா?”

சுக்ரி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். நேற்று ராத்திரி பாக்கோரி வழிமறித்தானாம். வெள்ளிக்கிழமை மிஷின் ஓடினால் அன்றைக்கே பட்டறை எரியும், மேலே முடிவாகிவிட்டது, நீ மட்டும் வராதே, சினேகிதத்துக்காகச் சொல்கிறேன் என்றானாம்.

“நான் அபே டோலோகிட்ட சொன்னா, உனக்கு எப்படிடா தெரியும்னு கேப்பாரு. என்ன பதில் சொல்லுவேன்? நான் அவங்க ஆளுன்னு வெளிய தள்ளிடுவாரு. பட்டாளத்துக்கிட்ட சொன்னா பாக்கோரியும் போவான், கொஞ்ச நாள்ல நானும் போவேன். சொல்லாம இருந்தா பட்டறையே போயிரும். எனக்கு அந்த மிஷின் வேணும், மோக். அதான் எல்லாருக்கும் புரியிற மாதிரி ஒண்ணைக் கட்டிட்டேன். இன்னைக்கு ஒருநாள் மூடிட்டாப் போதும்னு நெனச்சேன்.”

ரோமெலா அவனையே பார்த்தாள். நம்பலாமா? வேறு யாராவது இந்தக் கதையைச் சொல்லியிருந்தால் காறித் துப்பியிருப்பாள். ஆனால் ‘எனக்கு அந்த மிஷின் வேணும்’ என்று சொன்னபோது அவன் குரல் உடைந்தது. ஊசி உடைகிறது, நூல் சிக்குகிறது என்று தினமும் திட்டுகிற அதே மிஷினை. அவள் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

பயல் நினைத்தது ஒன்று, நடந்தது ஒன்று. அபே டோலோ ஒருநாள் மூடுகிற ஆளாக இல்லை. பயந்துபோன மனிதர் மிஷின்களை விற்கப் பத்தானி டவுனில் ஆள் பிடித்துவிட்டார். நாளைக்கு லாரி வருகிறது, குடும்பத்தோடு எல்லை தாண்டித் திரும்பிப் போகிறார் என்று சாயங்கால அஸர் தொழுகை முடிவதற்குள் ஊரெல்லாம் பேச்சு. சுக்ரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். தேநீர்க் கடையில் புறாக்கள் கூவுவது வீடு வரைக்கும் கேட்டது. அந்த பெஞ்சில் அவனுக்கு இன்னும் இடம் இருக்கிறது என்பது ரோமெலாவுக்குத் தெரியும்.

அவள் துணியை எடுத்துக்கொண்டு அபே டோலோ வீட்டுக்கு நடந்தாள். பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்.

“அபே, பெட்டியைப் பிரிங்க. அவங்க கட்டல. நான்தான் கட்டினேன்.”

“என்ன உளர்ற?”

“இந்தாங்க துணி. என் சுண்ணக் கோடு இருக்கு பாருங்க. நேத்து போகும்போது இடுப்புல சுருட்டிக்கிட்டுப் போனேன். முட்டை எங்க வீட்டுக் கோழியோடது.”

அவர் கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். அவள் கோடு அவருக்கும் தெரியும்.

“ஏன்?”

“ஜும்மா நாள்ல மிஷின் ஓட்டச் சொன்னீங்க. நேரா கேட்டா விடுவீங்களா?”

“அப்ப அவங்க இல்ல?”

“இல்ல.”

“அவங்க ஒருத்தருமே இல்ல?”

“கிழவி ஒருத்திதான்னு சொல்றேனே, காது கேக்கலையா?”

அபே டோலோ கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்தார். முதலில் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி. பிறகு கோபம் வந்தது. அப்படி ஒரு கோபத்தை அந்தச் சாதுவான மனிதரிடம் யாரும் பார்த்ததில்லை.

“ஒரு நாள் லீவுக்காகவா கஃபன் துணியைக் கட்டின? எனக்கு நெஞ்சு நின்னுபோச்சே, பாவி! நன்றி கெட்டவளே! இனிமே என் பட்டறை வாசல்ல உன் நிழல் விழக்கூடாது!”

“சரி. பையன்?”

“பையன் என்ன செஞ்சான்? அவன் வரட்டும்.”

“வெள்ளிக்கிழமை?”

“மூடித் தொலைக்கிறேன்! போ!”

லாரி வெறுமனே திரும்பிப் போயிற்று. சனிக்கிழமை மிஷின்கள் ஓடின. ரோமெலா வீட்டில் இருந்தாள்.

அபே டோலோ வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. ஊர் சிரித்தது, அப்புறம் காறித் துப்பியது. பட்டாள முகாமில் கூப்பிட்டு விசாரித்தார்கள். லீவுக்காகவா கஃபன் கட்டினாய் என்று அதிகாரிகூடச் சிரித்துவிட்டு, மிரட்டி அனுப்பினான். எதிரே வந்தால் ஐனி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வருங்கால மாமியாரைப் பற்றி அவள் என்ன நினைத்திருப்பாளோ. ரோமெலா அவர்களுடைய ஆள் என்று பாதிப் பேர் சொன்னார்கள், பட்டாளம் ஏவித்தான் செய்தாள் என்று மீதிப் பேர் சொன்னார்கள். ஊரையே சந்தேகப்பட்டவளை இப்போது ஊரே சந்தேகப்பட்டது. சுக்ரி உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று குதித்தான். “வாயைத் திறந்தே, பல்லைத் தட்டிடுவேன்” என்று அடக்கிவிட்டு, மீன் அப்பளம் தட்டிக் காயப் போட ஆரம்பித்தாள்.

ஒருநாள் மத்தியானம், அப்பளத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தபோது, வேலி ஓரத்தில் சலாம் கேட்டது. பாக்கோரி.

“உக்காரலாமா, மெக்?”

“நின்னே பேசு.”

அவன் நின்றான். “நீங்க கட்டலைன்னு எனக்குத் தெரியும்.”

தெரியாமல் எப்படி இருக்கும்? சுக்ரியிடம் சொன்னதே அவன்தானே. வந்துவிட்டான், விலை பேச வந்துவிட்டான் என்று நினைத்தாள். அக்கம்பக்கம் பார்த்தாள். ஒருவரும் இல்லை.

“அதுக்கு உனக்கு என்ன வேணும்?”

“உங்க இடத்துக்கு ஆள் போட்டுட்டாங்களா?”

“என்னது?”

“வெட்டுற வேலை. இன்னும் காலியாத்தான் இருக்குன்னு சொன்னாங்க. நீங்க சொன்னா...”

“ஏன், உங்க ஆளுங்க உனக்குச் சோறு போடலையா? நாடு வாங்கிக் குடுத்ததும் மந்திரி உத்தியோகம் தர்றதாச் சொல்லியிருப்பாங்களே?”

அவன் கோபப்படவில்லை. காலால் மண்ணைக் கீறிக்கொண்டு நின்றான்.

“பெஞ்சுல நான் மட்டும்தான் உக்காந்திருக்கேன், மெக். சுக்ரி வர்றதில்ல. மத்தவனுங்களும் அங்கங்க போயிட்டானுங்க. பேசறதுக்கு ஆள் இல்ல. புறாவும் நானும்தான்.”

“உள்ள போய் நெருப்பு வைக்கவா?”

“வைக்கணும்னா வெளியில இருந்தே வச்சிருப்பேனே.”

“அதை உங்க மேல இருக்கிறவங்க சொல்லிக் குடுத்தாங்களா, நீயாச் சொல்றியா?”

“நானாத்தான் சொல்றேன்.”

“அவங்க உன்னைச் சும்மா விட்ருவாங்களா?”

“தெரியல” என்றான். அவன் சொன்னதில் அந்த ஒரு வார்த்தையை மட்டும் அவள் நம்பினாள்.

போகச் சொல்லிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். இது மிரட்டலா, கெஞ்சலா? முடியாது என்றால் உண்மையை ஊரில் போட்டு உடைப்பானா? சரி என்றால் மகன் உட்கார்ந்திருக்கிற கொட்டகைக்குள் தீக்குச்சியைத் தானே கொண்டுபோய் வைக்கிற கதையாகுமா? எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் நம்புகிறதற்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. அந்த பெஞ்சில் அவன் தனியாக உட்கார்ந்திருப்பது மட்டும் கண்ணில் நின்றது. தனியாக இருக்கிறவன் எவ்வளவு நாளைக்குத் தனியாக இருப்பான்? துணைக்கு ஒருத்தனைத் தேடுவான். சுக்ரியைத்தான் தேடுவான்.

அவள் கையைக் கழுவிக்கொண்டு கிளம்பினாள்.

பட்டறை வாசலில் நிழல் விழாமல் தெருவிலேயே நின்று அபே டோலோவைக் கூப்பிட்டாள். விஷயத்தைச் சொன்னாள். மனிதர் அதிர்ந்துபோய் நாலு பக்கமும் பார்த்தார்.

“உனக்குப் புத்தி பிசகிப்போச்சா? அவன் அவங்க ஆளு!”

“ஆமா.”

“ஆமான்னு சொல்ற! தெரிஞ்சுதான் கொண்டு வர்றியா?”

“நேத்துவரைக்கும் யாரு ஆளுன்னு தெரியும். நாளைக்கு யாரு ஆளுன்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. காலையில எட்டு மணிக்கு இங்க வந்து நின்னான்னா சாயங்காலம் வரைக்கும் உங்க ஆளு. அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்.”

“எனக்கு என்ன ஜாமீன்?”

“என் பையன் பக்கத்துல அவனை உக்கார வைங்க” என்றாள் ரோமெலா. “எனக்கு வேற பிள்ளை இல்ல.”

அபே டோலோ பட்டறைப் பக்கம் திரும்பி சுக்ரியின் மிஷினைப் பார்த்தார். பிறகு சரி என்று தலையை ஆட்டினார்.

பாக்கோரி வந்தான். முதல் வாரம் துணியைக் கோணலாக வெட்டினான், திட்டு வாங்கினான், மறுபடியும் வெட்டினான். ரோமெலா அப்பளத் தட்டைத் தூக்கிக்கொண்டு போய்ப் பட்டறைக்கு எதிரே, புளிய மரத்தடியில் கடை போட்டாள். வியாபாரத்துக்கு நல்ல இடம் என்று கேட்டவர்களிடம் சொன்னாள். ஜன்னல் வழியாக அவன் கை தெரிகிற மாதிரி உட்கார்ந்திருந்தாள். அது எல்லாருக்கும் தெரிந்தது. ஒரு வெள்ளி போயிற்று, இன்னொரு வெள்ளி போயிற்று. தேநீர்க் கடைக்காரர் ஆள் வராத ஒரு பெஞ்சை எடுத்து உள்ளே போட்டுவிட்டார்.

ஒரு சாயங்காலம் பட்டறை விட்டதும் பாக்கோரி அவள் முன்னால் வந்து குந்தினான். சுக்ரி மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டு அவனுக்காகக் காத்திருந்தான். பின்னால் ஏற்றிக்கொண்டு போகிறானாம். பாக்கோரி ஒரு அப்பளத்தை எடுத்துக் கடித்தான்.

“இன்னுமா என்னை நம்பல, மெக்?”

“இல்ல.”

“எப்பத்தான் நம்புவீங்க?”

ரோமெலா மகன் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு பாக்கோரியின் விரல்களில் ஒட்டியிருந்த நீலச் சுண்ணத்தைப் பார்த்தாள்.

“நாளைக்கும் வேலைக்கு வா” என்றாள். “பார்க்கலாம்.”